பீரோவில் பத்திரமாக இருக்கிறது

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்கார், சஃபியா கண்ணு. அந்த நாற்காலியை மின்விசிறிக்குக் கீழே இழுத்துப் போட்டுக்கொள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளையை நான் ஒரு கதை சொல்லாமல் அனுப்புவதில்லை. இன்றைக்குச் சொல்லப்போவது நடந்த கதை. உனக்கு முன்னால் அந்தக் கிரேக்க, ரோமானியத் துறையில் இருந்த ரூத்துவின் கதை. கேன்டீனில் யாராவது கண்ணும் மூக்கும் வைத்துச் சொல்வதற்குள், செய்தவள் என் வாயாலேயே நீ கேட்டுவிடுவது நல்லது.

முதலில் ஒரு சின்ன விஷயம். காகிதத்துக்கு அந்துருண்டை ஆகாது. நிழலில் உலர்த்திய வேப்பிலைதான் நல்லது. அதோ அந்த இரும்பு பீரோ, என் கல்யாணத்துக்குப் பிறந்த வீட்டில் கொடுத்தது. மேல் தட்டில் என் பட்டுச்சேலைகள். கீழ்த் தட்டுகளில் நம் பல்கலைக்கழக ஆசிரியர்களின் அசல் சான்றிதழ்கள், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் முதல் டாக்டர் பட்டம் வரைக்கும். இத்தனை வருடத்தில் ஒன்றைக்கூடப் பூச்சி அரித்ததில்லை.

அதை ஏன் வாங்கி வைக்கிறோம் என்று கேட்பாய். வருடத்தின் நடுவில் விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள், கண்ணு. மாணவர்கள் கதி என்னாவது? அசலை வாங்கக் கூடாது என்று விதி இருக்கிறது. ஆகவே நாங்கள் வாங்குவதில்லை. கொடுத்தால் வைத்துக்கொள்கிறோம். வாங்காத பொருள் என்பதால் ரசீதும் கொடுப்பதில்லை.

துறை வந்த விதம் இது. பீளமேட்டில் எங்கள் பழைய மில்லை இடித்து விடுதிக்குக் கடைக்கால் தோண்டியபோது ஒரு பானை அகப்பட்டது. உள்ளே ரோமானிய வெள்ளிக் காசுகள். வேந்தராக இருக்கும் என் மகன் கிருபாசங்கரை ஆய்வுக் குழுக்காரர்கள், "மற்ற காலேஜில் இல்லாதது உங்களிடம் என்ன இருக்கிறது?" என்று ஒவ்வொரு முறையும் குடைந்துகொண்டிருந்த நேரம். மறு வருடமே ஆறு தூண் வைத்த கட்டடம் எழும்பிவிட்டது. வாசலில் ஒரு கிரேக்க ஞானி சிலை. சிற்பி நம் பக்கத்து ஆள்; கைப் பழக்கத்தில் ஞானிக்கு மீசையை முறுக்கிவிட்டார். காவலாளி அதன் காலடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறார். நாங்கள் தடுக்கவில்லை.

கட்டடம் திறந்த பிறகுதான் பாடம் நடத்த ஆள் வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது. மூன்று பேராவது வந்தால்தான் நேர்காணல் செல்லும். ரூத்து வந்தாள். பைபிள் கல்லூரியில் கிரேக்கம் படித்த டேவிட்சன் வந்தார். எண்ணிக்கைக்கு என் சித்தப்பா பேரன் வந்தான். பாட வல்லுநராக உட்கார இந்தச் சுற்றுவட்டாரத்தில் யாரும் அகப்படவில்லை. ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர் பாலுசாமி செடிகொடிக்கெல்லாம் லத்தீனில் பெயர் சொல்வார் என்பதால் அவரைக் கூட்டி வந்தோம்.

ரோம் எங்கே இருக்கிறது என்று கேட்டதற்கு என் சித்தப்பா பேரன், "ஃபிளைட்டுல எட்டு மணி நேரமுங்க" என்றான். டேவிட்சன் கிரேக்கத்தில் ஒரு ஜெபம் சொல்லி முடித்தார். மரியாதைக்கு நாங்கள் எல்லோரும் ஆமென் சொன்னோம். பிறகு ரூத்து.

"ஏனுங்கம்மணி, கரிசலாங்கண்ணிக்கு லத்தீன்ல என்னங்க பேரு?" என்றார் பாலுசாமி.

"தெரியலீங்கய்யா. நீங்க பேரைச் சொன்னீங்கன்னா அதுக்கு அர்த்தம் என்னன்னு நான் சொல்றனுங்க."

அவர் பெயரைச் சொன்னார். அவள் அர்த்தத்தைச் சொன்னாள்.

"நாப்பது வருசமா போர்டுல எழுதிப்போட்டுட்டு இருக்கறனுங்க. இதுக்கெல்லாம் அர்த்தம் இருக்குதுங்களா?" என்று அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

நான் டிரஸ்ட் சார்பில் மூலையில் உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கேட்கத் தெரிந்தது ஒன்றுதான். "ஒரு கதை சொல்லு கண்ணு" என்றேன். மிளகு வாங்கக் கப்பலேறி நம் கரைக்கு வந்து, திரும்பிப் போக மனமில்லாமல் தங்கிவிட்ட ஒரு மாலுமியின் கதையைச் சொன்னாள். என் காப்பி ஆறிப்போனது எனக்கே தெரியவில்லை. "இந்தப் பிள்ளையே இருக்கட்டும்" என்றேன். குழு கையெழுத்துப் போட்டது.

அதன் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம் இந்த வீட்டுக்கு வருவாள். இத்தனை பெரிய வீடு. மகன் மாதத்தில் பாதி நாள் விமானத்தில். மருமகளுக்குச் செல்போன். ரூத்து வந்து உட்கார்ந்தால் ரோமாபுரித் தெருக்களில் வண்டி ஓடும் சத்தம் எனக்குக் கேட்கும். வெள்ளிக்கிழமைக்காக மற்ற நாட்களைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் வருடம் ஒரு வெள்ளிக்கிழமை, கதையை ஆரம்பிக்காமல் நின்றாள்.

"ஏனுங்கம்மா, இத்தாலில எனக்கு வேலை கெடச்சிருக்குதுங்க. விசாவுக்கு ஒரிஜினல் கேக்கறாங்க. அம்மாவையும் கூட்டிட்டுப் போலாம்னு இருக்கறனுங்க."

அவள் அம்மா கிளாடிஸ், கணபதிப் பக்கம் குடியிருந்த ஓய்வுபெற்ற நர்ஸ். குளிர் தேசமாயிற்றே என்று இரண்டு ஸ்வெட்டர் வாங்கி வைத்துவிட்டாராம்.

"ரொம்ப சந்தோசம் கண்ணு. இன்ஸ்பெக்சன் முடியட்டும்" என்றேன். அது முடிந்ததும் ஆடி வந்தது. ஆடியில் எதையும் வீட்டை விட்டு வெளியே கொடுப்பதில்லை என்றேன். அப்புறம் தீபாவளி. மார்கழியில் வந்து நின்றாள்.

"மார்கழியில பீரோவைத் தொறக்கறதில்லீங்க கண்ணு" என்றேன்.

"நேத்துக் கோயிலுக்குப் பட்டுச்சீலை எடுத்து உடுத்தீட்டுப் போனீங்களேங்கம்மா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. அன்றைக்கு அவள் சொன்ன கதை சின்னது. ரோமானியர்கள் அடிமையின் கழுத்தில் இரும்பு வளையம் மாட்டுவார்களாம். ஓடிவிட்டவன் இவன், பிடித்து எஜமானிடம் ஒப்படைக்கவும் என்று அதில் எழுதியிருக்குமாம். சொல்லிவிட்டு என்னையே பார்த்தாள். நல்ல கதை. ஆனால் அவர்கள் விவரம் இல்லாத மனிதர்கள் என்று எனக்குப் பட்டது. கழுத்தில் இரும்பைப் போட்டால் தழும்பு விழும். பீரோவில் வைத்தால் யார் கழுத்திலும் ஒன்றும் தெரியாது.

தை பிறப்பதற்கு முதல் நாள், காப்புக் கட்டும் அன்று, வீட்டைச் சுத்தம் செய்தோம். கூரைக்கு வேப்பிலையும் பூளைப்பூவும் கட்டினோம். வேண்டாத பழையதையெல்லாம் வெந்தண்ணி அடுப்பில் போட்டோம். ரூத்துவின் ஃபைலை நான்தான் எடுத்தேன். கை தவறிவிட்டது என்று அப்போது மகனிடம் சொன்னேன். உன்னிடம் பொய் எதற்கு, ஒவ்வொரு தாளாகத்தான் போட்டேன். டாக்டர் பட்டத்தை லேமினேட் செய்து வைத்திருந்தாள், அது மட்டும் கொஞ்சம் நாற்றமடித்தது. அன்றைக்குத் தண்ணீர் நல்ல சூடு. தலைக்குக் குளித்தேன்.

ஃபைலைக் காணோம் என்று ரூத்துவிடம் சொன்னேன். நகல் வாங்க வேண்டுமென்றால் அவள் போலீசில் புகார் கொடுக்க வேண்டுமாம். எங்கே தொலைந்தது என்று கேட்டிருக்கிறார்கள். காலேஜில் கொடுத்தேன் என்றிருக்கிறாள். எங்கள் பதிவாளர் வந்து என்ன பதில் எழுதட்டும் என்று என்னைக் கேட்டார். உண்மையை எழுதுங்கள், நாம் யாரிடமும் அசல் வாங்குவதில்லை என்றேன். அப்படியே எழுதினார். அப்படியானால் அந்தச் சான்றிதழ்கள் எங்கே போயின? அவளிடம் எப்போதாவது இருந்தனவா? இதை நான் கேட்கவில்லை, கண்ணு. ஊர் கேட்டது. சான்றிதழ் காட்டாத ஒருவரைத் துறைத்தலைவராக வைத்திருக்கக் கூடாது என்று என் மகன் நீக்கிவிட்டான். அந்த விஷயத்தில் அவன் விதியை மீறமாட்டான்.

இத்தாலிக்காரர்கள் கொஞ்ச காலம் காத்திருந்துவிட்டு வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். கிளாடிஸ் அம்மாவுக்கு ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டன. எந்தக் கல்லூரியும் ரூத்துவைச் சேர்க்கவில்லை. ஒரு நாள் எங்கள் வாசல் கேட் அருகே வந்து நின்றாள். நான் பழையதைப் பேசவில்லை. "உள்ள வா கண்ணு, ஏன் வெயில்ல நிக்கற?" என்றேன். தாயையும் மகளையும் பின்கட்டிலேயே வைத்துக்கொண்டேன். என் மாத்திரைகளை எடுத்துக் கொடுக்கிறாள். கால் பிடித்துவிடுகிறாள். படுக்கும் வரை கதை சொல்கிறாள். இப்போது எனக்கு எல்லா நாளும் வெள்ளிக்கிழமைதான்.

அடுப்பில் போட்டது நான்தான் என்பதை அவளிடமும் மறைக்கவில்லை. வந்த முதல் நாளே சொன்னேன். "காப்பிக்குச் சக்கரை போடட்டுங்களாம்மா?" என்று கேட்டாள். மனதில் எதையும் வைத்துக்கொள்ளாத பிள்ளை.

இதோ, உனக்கும் கொண்டு வந்துவிட்டாள். குடி. டம்ளரை வைக்கும்போது உங்கள் துறைப் பாஷையில் உன்னிடம் ஏதோ சொன்னாளே, என்ன அது? வாழ்த்தாகத்தான் இருக்கும். உன் முகம் ஏன் இப்படி வெளுத்துப்போனது? பையில் எதைத் தேடுகிறாய், காலையில் அலுவலகத்தில் கொடுத்த சான்றிதழ் ஃபைலுக்கு ரசீதா? அந்த ஃபைல் அப்போதே இங்கே வந்துவிட்டது, கண்ணு. மூன்றாம் தட்டில், ரூத்துவின் ஃபைல் இருந்த இடம் காலியாகத்தானே கிடந்தது. புது வேப்பிலை போட்டிருக்கிறேன்.

பயப்படாதே. நான் யாருக்கும் கெடுதல் நினைத்தவள் இல்லை. பிரியமானவர்கள் தூரம் போய்விடாமல் பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான். நீயும் கதை நன்றாகச் சொல்வாய் என்று நேர்காணல் அன்றே கண்டுகொண்டேன். நன்றாக இரு. பொள்ளாச்சியில் உன்னைப் பெற்ற அத்தாவின் களத்தில் தேங்காய்க் கொப்பரை குவிந்துகொண்டே இருக்கட்டும். உன் வீட்டு அடுப்பில் பால் குறையாமல் பொங்கட்டும். உன் வாசலுக்குள் வந்தவர்கள் யாரும், எந்தக் காலத்திலும், உன்னை விட்டுப் போகாமலே இருக்கட்டும்.