கனகத்தின் பித்தளைக் குண்டான்

அழுக்கான பாத்திரத்தைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்காது, ஐயா. சிறு வயதிலிருந்தே அப்படித்தான். கூலிகள் குடியிருக்கும் லயத்துக் காம்பராக்களில் பித்தளைக் குண்டானின் அடியில் பச்சைக் களிம்பு படிந்திருக்கும். அதன்மேல் நேற்றைய கஞ்சி ஆடை கட்டி நிற்கும். விளிம்பில் ஈ மொய்க்கும். அதிலேயே இன்றைய கஞ்சியையும் ஊற்றுவார்கள். எனக்குக் குமட்டும். நான் ஈயம் பூசத் தொடங்கியதற்கு அந்த அருவருப்புத்தான் முதற் காரணம்.

நமுனுகுல மலையடியில் எங்கள் தோட்டம். ஸ்டோரில் தேயிலையைப் பெட்டியில் அடைப்பது என் வேலை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சாக்கை எடுத்துக்கொண்டு லயம் லயமாகப் போவேன். ஓட்டைக் கேத்தல், தேயிலைச் செடி வெட்டும் முறிந்த கவ்வாத்துக் கத்தி, நசுங்கிய செம்பு, எதையும் விடமாட்டேன். ஓடைப் புதருக்குள், தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்து இயந்திரங்கள் துருவேறிக் கிடந்தன. அவற்றிலிருந்து செம்புத் தகடும் உரித்தேன். எல்லாவற்றையும் பதுளைக் கடைவீதியில் பழைய உலோகம் வாங்கும் தாஸிம் நானாவிடம் விற்பேன்.

"அந்தோனிமுத்து அண்ணன் வாறாரு, தாலிய மறைச்சுக்கங்கடி" என்று பெண்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, உருகிய வெள்ளீயத்தைப் பஞ்சால் தேய்த்தால் உட்புறம் வெள்ளிபோல் மின்னும். களிம்பு ஏறாது. ஆனால் ஜெர்மன்காரனோடு சண்டை தொடங்கியதும் வெள்ளீயம் எட்டாத விலைக்குப் போயிற்று. ஸ்டோரில், தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கும் காரீயத் தகட்டின் வெட்டுத்துண்டுகள் சும்மா கிடந்தன. கூட்டி அள்ளினேன். வெள்ளீயம் சிறிதாவது கலந்தால்தான் காரீயம் பித்தளையில் ஒட்டும். சிறிது மட்டும் கலந்து லயத்துப் பாத்திரங்களுக்குப் பூசினேன். மினுக்கத்தில் யாரும் வேறுபாடு கண்டதில்லை.

தாஸிம் நானா ஒருமுறை சாக்குக்குள் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இத சோத்துப் பாத்திரத்துக்கு மட்டும் பூசிடாதீங்க. புளி பட்டா வெசம் எறங்கும்."

நல்ல மனிதர். அன்றே அவரிடம் கொஞ்சம் சுத்தமான வெள்ளீயம் வாங்கி வந்து, என் வீட்டுக் குண்டானுக்குப் பூசினேன். மீதியைப் பத்திரப்படுத்தினேன். தன் வீட்டாரைக் காப்பது ஆண்பிள்ளையின் கடமை அல்லவா?

அந்த மழைக்காலத்தில் லயங்களில் வயிற்றுவலி வந்தது. வயிறு முறுக்கும், மலம் இறுகும், ஈறு ஓரமாக நீலக்கறுப்பாய் ஒரு கோடு விழும். வாய் திறந்தால் நாற்றம். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு அவர்களுக்காக ஜெபமாலை சொன்னேன்.

கொழுந்து பறிக்கும் கனகம் கைம்பெண். அவளுடைய மகன் அப்படித்தான் இறந்தான். சவப்பெட்டிக்கு ஆணி நான்தான் கொடுத்தேன். பிறகு மகள் செல்லாயியும் படுத்துவிட்டாள். என் மனைவி றோசாலிக்கு மனம் கேட்கவில்லை. எங்கள் குண்டானில் கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோய், சாப்பிட்டு முடித்தாலும் வைத்துக்கொள்ளட்டும் என்று குண்டானையும் விட்டு வந்தாள். கனகம் அதிலேயே சமைத்தாள். சில நாட்களில் பிள்ளை எழுந்து உட்கார்ந்தது.

கனகம் என்னைத் தேடி வந்தாள். "அண்ணே, ஒங்க குண்டான்ல ஆக்குனா புள்ளைக்கு நோவு இல்ல. எங்க குண்டான்ல ஏதும் இருக்குமோ?"

"களிம்பா இருக்கும் தங்கச்சி. குடு, தடிப்பா பூசித் தாறேன்."

எங்கள் குண்டானை நானே போய் எடுத்து வந்தேன். அது அங்கே இருந்தால் மற்றவர்களும் அதே கேள்வியைக் கேட்பார்கள். கனகத்தின் குண்டானுக்கு அன்று வெள்ளீயம் பூசியிருக்கலாம். கைவசம் இருந்தது. ஆனால் அது என் வீட்டுக்கென்று வைத்தது. காரீயத்தைத்தான் பூசினேன், சொன்னபடியே தடிப்பாக. அவள் உள்ளே முகம் பார்த்துவிட்டுக் கும்பிட்டாள்.

செல்லாயியை அடக்கம் செய்த மறுநாள் றோசாலி என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "நம்ம வீட்டுக்கு மட்டும் ஏன் வேற ஈயம்?" அவள் கனகத்தின் குண்டானை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, மழையில் நடந்து தோட்டத்து டாக்டரான உங்களிடம் வந்தாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. இளகிய மனசு, அவ்வளவுதான்.

அந்தப் பிள்ளை சாகும் என்று தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும், ஐயா. மகன் இறந்தபோதே தெரியும். ஆனால் ஒன்றைத் துரையிடம் மறக்காமல் சொல்லுங்கள். கடைசியாகப் பூசியதற்குக் கனகத்திடம் நான் கூலி வாங்கவில்லை. விறகும் என் வீட்டு விறகுதான்.