பிலோமிக்கு வச்ச பூசை

பதினொரு பேரு ஃபாதர். உங்கள விட்டுட்டு எண்ணுனா பதினொண்ணு. உபதேசியாரு அமிர்தநாதன், பாட்டுக்கு ரெண்டு சிஸ்டருங்க, தேயிலைக் கொழுந்தெடுக்கப் போற பொம்பளைங்க அஞ்சு பேரு, கீழ் லயத்து மதலேனம்மா, கடைசிப் பெஞ்சுல எங்க வீட்டுக்காரரு, அதுக்கு முந்தின பெஞ்சுல நான். செவ்வாய்க்கிழம காலப் பூசைக்கு அவ்வளவுதான். சபையே தலைகுனிஞ்சு போச்சுன்னு உபதேசியாரு உங்ககிட்ட சொல்லியிருக்காருல்ல, அதுக்காகச் சொல்றேன். சபைன்னா பதினொண்ணு. அதுல அஞ்சு பேரு வேலைக்கு நேரமாச்சேன்னு வாட்ச்சப் பாத்துக்கிட்டு நின்னாங்க.

ஐயோ, அந்த ஸ்டூல்ல வேணாம், ஒரு காலு ஆடும். கட்டில்ல உக்காருங்க. பாலு இல்ல, கட்டன் சாயாதான் இருக்கு, பரவால்லையா?

மதலேனம்மா மேல தப்பு இல்ல ஃபாதர். என் கதை பத்திரிகையில வந்துச்சு. தேனிப் பத்திரிகை, மாசம் ஒண்ணு வரும். அத மதலேனம்மா கண்ணாடி போட்டு எழுத்துக் கூட்டி வாசிச்சிருக்கு. என் மக பிலோமின்னு கதை ஆரம்பிக்குதா, சரி, ரெஜினாவுக்கு நமக்குத் தெரியாம ஒரு மக இருந்து செத்துப் போயிருக்குன்னு நெனச்சிருச்சு. எங்கிட்டக் கேட்டா அழுவேன்னு, கேக்காமலே பூசைக்கு எழுதிக் கொடுத்திருக்கு. பிலோமினாளின் ஆத்மா இளைப்பாற்றிக்காகன்னு நீங்களும் வாசிச்சீங்க. நீங்க இந்தப் பங்குக்கு வந்தே மூணு மாசம், உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

சத்தியமா எனக்கும் முன்னாடி தெரியாது. பேரு காதுல விழுந்ததும் முன் பெஞ்சப் பிடிச்சிக்கிட்டேன். எங்க வீட்டுக்காரரு முட்டி தேஞ்சு போயி உக்காந்தே பூசை பாக்குற மனுசன். அன்னிக்குப் பின்னால சத்தம் கேட்டுத் திரும்புறேன், முட்டி போட்டு நிக்கிறாரு.

பூசை முடிஞ்சு வாசல்ல உபதேசியாரு பிடிச்சிக்கிட்டாரு. யாரும்மா அது பிலோமினா, கோயில் குடும்பக் கார்டுல இல்லையேன்னாரு. கதையில வர்ற பொண்ணுன்னேன். அவ்வளவுதான், தீப்பிடிச்ச மாதிரி குதிக்கிறாரு. இல்லாத ஆளுக்குப் பூசையா, ஆண்டவரக் கேலி பண்றியான்னு. சனிக்கிழம பக்கத்து வீடுங்கல்லாம் ஜெபத்துக்குக் கூடுற அன்பியக் கூட்டத்துல அவரோட மன்றாட்டு வேற. ஆண்டவரே, பேனா பிடிச்ச எங்க சகோதரிக்குத் தாய்க்குரிய அடக்கத்தக் கொடுத்தருளும்னு. எல்லாரும் எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்னாங்க. நானும் சொன்னேன். கொஞ்சம் சத்தமாவே சொன்னேன்.

அடக்கம்! ரெண்டு பிள்ளைங்கள இடுப்புலயும் கையிலயும் வச்சிக்கிட்டு எழுதுனவ நான். அடுப்புல குக்கர வச்சா மூணு விசில் வரைக்கும் எனக்கு. அதுக்குள்ள வர்றது வந்தாச்சு. சோறு அடிப்பிடிச்சா எம் பையன் டிஜோ நிமிகிட்ட சொல்லுவான், அம்மாவுக்கு இன்னிக்குக் கதை நல்லா வந்திருக்குடின்னு. ஜெபமாலை சொல்லாம ஒரு நாளும் பேனா எடுத்ததில்ல. படிப்பு ஏழாங்கிளாஸ். யாரு கிட்டயும் இதுக்கு அனுமதி வாங்கல, இனிமேலும் வாங்கப் போறதில்ல.

அந்தப் பொண்ண எங்கேருந்து எடுத்தேன்னா? வீட்டுலருந்துதான். நிமியோட குடை, டிஜோவோட கோவம், அவங்கப்பாவோட மூக்கு. நிமி போன்ல சண்டை. என் சிவப்புக் குடைய அவளுக்கு ஏம்மா கொடுத்தேன்னு. உனக்கு வேற வாங்கிக்கோடீ, அவளுக்கு நான்தான வாங்கிக் கொடுக்கணும்னேன். முப்பத்தொரு வயசு ஆக்கினேன் அவள. கட்டப்பனை ஜவுளிக் கடையில வேலை. அம்மாகிட்ட முகத்துல அடிச்ச மாதிரி பேசுவா. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

ஏன் சாகடிச்சீங்கன்னு நீங்களும் கேக்குறீங்க பாருங்க. ஆத்து வெள்ளத்துல போயிட்டா ஃபாதர், நான் என்ன பண்ண. ஆனா ஒழுங்காப் போனா. கோயில் மணி அடிச்சாங்க. வெள்ளை நெறத்துல பெட்டி. சிலுவை முன்னால போகுது, சாமியாரு மந்திரிச்ச தண்ணி தெளிக்கிறாரு, கல்லறைத் தோட்டத்துக்கு உள்ள, நடுவுல, பேரு எழுதின கல்லு. அந்த இடத்துலதான் மதலேனம்மா அழுதுருச்சாம். அத மட்டும் நான் ஏழு தடவ திருத்தி எழுதினேன்.

சரி, ஞாயித்துக்கிழம விஷயத்துக்கு வாங்க. நான் எந்திரிச்சு நின்னு, பிலோமின்னு யாரும் இல்ல, நானா இட்டுக்கட்டினது, சபை மன்னிக்கணும்னு சொல்லணும்ங்கிறீங்க. ஒரே ஒரு வரி. அப்பத்தான் பீடத்துப் பூவும் விரிப்பும் என் பொறுப்புல இருக்கும், இல்லேன்னா வேற ஆளு. பதினெட்டு வருஷமா நான் மடிச்ச விரிப்பு ஃபாதர் அது. கஷ்டமாத்தான் இருக்கும். வேற ஆளப் பாத்துக்கோங்க. கோயில் சாவி அந்த ஆணியில தொங்குது.

கூச்சம்னு நெனச்சு, எழுதிக் கொடுங்க நானே வாசிச்சிடுறேங்கிறீங்க. நல்ல மனசு உங்களுக்கு. கூச்சந்தான் எனக்கு, வாசகம் வாசிக்கக் கூப்பிட்டாக்கூட ஓடிருவேன். ஆனா இது கூச்சம் இல்ல. வேணும்னா நான் அகங்காரம் பிடிச்சவன்னு வாசிங்க, வந்து முன் பெஞ்சுல உக்காந்து கேக்குறேன். பிலோமின்னு யாரும் இல்லங்கிற வார்த்தை மட்டும் அந்தக் கோயிலுக்குள்ள வரக் கூடாது. நீங்களும் சொல்லக் கூடாது.

கிளம்பிட்டீங்களா? மெயின் ரோட்டுல போகாதீங்க, கல்லறை மதில் ஓரமா இறங்கினா பக்கம். மதிலுக்கு வெளிய ஒரு சில்வர் ஓக் மரம் நிக்கும், அங்க வேரு தடுக்கும், பாத்துப் போங்க. எங்க வீட்டுக்காரரு வச்ச மரம். முப்பத்தொரு வருஷம் ஆச்சு. உயிரில்லாமப் பொறந்துச்சு, பொண்ணு. ஞானஸ்நானம் இல்லாததுன்னு உள்ள வைக்க விடல அப்ப. பேரும் வைக்கல. பேரு இல்லாததுக்கு எந்தப் பேரச் சொல்லிப் பூசை கேக்குறது, அதான் கேக்கல.

வந்த உடனே பிள்ளைங்க எத்தனைன்னு கேட்டீங்கல்ல. டிஜோ திருப்பூர்ல, நிமி கோட்டயத்துலன்னேன். ரெண்டுதான்னு நான் சொல்லல ஃபாதர். பெத்தது மூணு. பாக்கி ஒண்ணு.