ஐம்பத்தோராவது சீர்

பரிசைச் சுற்றும்போது டேப் வெளியே தெரியக்கூடாது, சார். தெரிந்தால் ஏதோ காயத்துக்குக் கட்டுப்போட்ட மாதிரி இருக்கும். கடையில் இதையெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. அதனால்தான் தங்கச்சி மகள் சிநேகாவின் காதணி விழாச் சீர் அத்தனையையும், நயினார்கோவிலில் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து நானே சுற்றினேன்.

பொருளைத் தாளின் நடுவில் கவிழ்த்து வைக்கவேண்டும். அப்போதுதான் தாள் சேரும் இடம் அடியில் போகும். இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பை உள்ளே கொடுக்கவேண்டும். விழா மண்டபம் இருக்கிற தேவிபட்டினத்துக் கடற்காற்றுக்குச் சாதா டேப் அரை நாள் தாங்காது. தாளில் கசங்கல் இருந்தால் பின்பக்கம் லேசான சூட்டில் இஸ்திரி போடலாம். இவ்வளவு நிதானமாக வேலை பார்க்கிறவனை உங்கள் ஏட்டு கோபக்காரன் என்று எழுதியிருக்கிறார். அதை மட்டும் மாத்தச் சொல்லுங்க.

சிநேகாவின் அக்கா காது குத்துக்கு நான் கொண்டுபோன சீர் ஐம்பது. எங்கள் பக்கம் சீர் ஒற்றைப்படையில்தான் இருக்கவேண்டும். தங்கச்சியின் மாமியார் இராமலட்சுமி ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிவிட்டு, "ஏப்பா பூமிநாதா, காது குத்துக்கு வந்தியா, கருமாதிக்கு வந்தியா?" என்றார். மண்டபமே சிரித்தது. தங்கச்சி மாரிச்செல்வி அன்று சாப்பிடவில்லை. நாலு வருஷமாக அந்த வீட்டில் அவளைக் கூப்பிடுவதே 'ஐம்பது' என்றுதான்.

இந்தத் தடவை ஐம்பத்தொன்று. என் படத்துக்குக் கீழே பிளெக்ஸிலும் போட்டாகிவிட்டது.

விழா அன்று காலை எட்டு மணிக்கெல்லாம் தயார். என் மனைவி துர்காதேவி முன்னாலேயே மண்டபத்துக்குப் போய்விட்டாள். ஒத்தாசைக்கு அவள் தம்பி வசந்தகுமார் இருந்தான். முப்பது வயசு. நல்லவன்தான், ஒட்டியிருக்கிற எதையும் பிரித்துப் பார்க்காமல் இருக்க மாட்டான். மிக்ஸிக்கு மூணு ஜார் இருக்கா பார்க்கிறேன் என்று தாளை நடுவாகக் கிழித்தான்.

"என்ன மச்சான் இப்படி முழிக்கிறீக? தாளுதான? மேல டேப்ப ஒட்டிவிடுங்க."

மேலே என்றான், சார்.

இஸ்திரிப்பெட்டி என் கையில் இருந்தது. சூடு ஆறியிருந்தது. ஒரே தடவைதான். மூச்சு இருந்தது, பார்த்தேன்.

அதற்குப் பிறகு எண்ணிக்கைதான் கவலை. மிக்ஸி போனால் மறுபடி ஐம்பது. சின்னத் தாள் தீர்ந்துவிட்டது. மிச்சமிருந்தது தங்க நிறத்தில் ஒரே பெரிய தாள், வெட்டினால் ஓரம் பிசிறிவிடும். பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி காலியாக நின்றது. அதற்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. ஒன்றைக் குறைத்து நாற்பத்தொன்பது ஆக்கியிருக்கலாமே என்பீர்கள். பிளெக்ஸை என்ன செய்வது? மிக்ஸியை அந்தப் பெட்டிக்குள் போட்டிருக்கலாமே என்பீர்கள். உருளும். பொருளும் பெட்டியும் ஒத்துப்போகவேண்டும். காலிப் பெட்டியைச் சுற்றிக் கொடுப்பது ஏமாற்று வேலை. கூடப்பிறந்தவளுக்கு நான் அதைச் செய்ய மாட்டேன்.

முட்டியை மடக்கினால் வசந்தகுமார் சரியாக இருந்தான்.

இடைவெளியில் பழைய பேப்பரைக் கசக்கி அடைத்தேன். முனைகளை முக்கோணமாக மடித்து ரிப்பன் கட்டினேன். காற்றுக்கு நாலு ஓட்டை போடலாமா என்று யோசித்தது உண்மை. தாள் கெட்டுவிடும்.

குட்டியானையில் ஏற்றியவர்கள், "என்னண்ணே, உள்ள அம்மியா?" என்றார்கள். "மாமன் சீருன்னா கனக்கத்தான்டா செய்யும்" என்றேன். மண்டபத்தில் துர்காதேவி, "தம்பி எங்கங்க?" என்றாள். சீரோடு வந்துவிட்டான் என்றேன். எனக்குப் பொய் வராது.

எங்கள் வகையறாவில் சீரை மூன்றாம் நாள்தான் பிரிப்போம். மாரிச்செல்விதான் பிரித்தாள். தாள் கிழியாமல் பிரித்தாளாம். அண்ணன் வேலை அவளுக்குத் தெரியும்.

அவன் எப்போது கண் விழித்தான் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். தெரியாது என்று நேற்றுச் சொன்னேன். யோசித்துப் பார்த்தால் அது முழுசாக இல்லை.

மண்டபத்தில் இராமலட்சுமி தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டு வந்தார். நாற்பத்தெட்டில் கை வைத்தபோது கடைசிப் பெட்டிக்குள் தட்டுகிற சத்தம் கேட்டது. மெதுவாக, மூன்று தடவை. "மச்சான்" என்று கூப்பிட்ட மாதிரியும் இருந்தது. அப்போது பிரித்திருந்தால் ஐம்பது, சார். தங்கச்சி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மேளக்காரர்களைப் பார்த்து விரலைத் தூக்கி ஆட்டினேன். கெட்டிமேளம் கொட்டினார்கள். அந்த அம்மா ஐம்பத்தொன்று என்று வாய் திறந்து சொல்லும்வரை நான் விரலை இறக்கவில்லை.