கறிவேப்பிலைக்கு வைத்தியம் பார்த்த கஞ்சாக்காரர்

அவையை அலங்கரிக்கும் தலைவர் விநாயகமூர்த்தி அண்ணை அவர்களே, அண்ணையையும் அவர் வீட்டுப் பூச்சாடிகளையும் ஒருசேரக் கட்டிக் காக்கும் அவர் துணைவியார் யோகராணி அக்கா அவர்களே, வோபர்ன் வீட்டுத்தோட்டக் கழகத்தின் மூத்தோரே, பின்வளவில் பூசணி படரவிட்ட புண்ணியவதிகளான தாய்மாரே, சாப்பாடு முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் எனக்காக அமர்ந்திருக்கும் பொறுமைசாலிகளே, உங்கள் அனைவருக்கும் செயலாளர் சுந்தரின் சிரம் தாழ்ந்த வணக்கம்.

வாக்கெடுப்புக்கு முன் கொஞ்ச நேரம் பேசத் தந்திருக்கிறார்கள். மணியை அண்ணை கையிலேயே வைத்திருக்கிறார். அடிக்கட்டும். மணிக்கு அடங்குகிற வாயா இது?

என்ன வாக்கெடுப்பு? துர்க்கா என்ற பெண்ணைக் கழகத்தில் சேர்ப்பதா, விடுவதா என்ற வாக்கெடுப்பு. அவர் பக்கத்து நகரான அஜக்ஸில், முறைப்படி லைசென்ஸ் எடுத்து, சிறியதொரு கூடத்தில் கஞ்சா வளர்க்கிறார். கனடாச் சட்டம் அவரைச் சேர்த்துக்கொண்டது. கழகம்தான் யோசிக்கிறது.

"கஞ்சாக்காரருக்கு இங்கை என்ன வேலை?" என்று அந்த மேசையில் ஒரு குரல் கேட்கிறது. நல்ல கேள்வி ஐயா. போன குளிர்காலத்தில் அண்ணையும் இதைத்தான் கேட்டார். நமது பிளாசாவில், கோயில் சாமான் கடைக்கும் பல் வைத்தியருக்கும் நடுவில் ஒரு கஞ்சாக் கடை முளைத்தது. 'சிறு பயிர்ச்செய்கையாளரை நேரில் சந்திக்க வாருங்கள்' என்று கண்ணாடியில் அறிவித்தலும் ஒட்டினார்கள்.

"சுந்தர், நீ ஒருக்காப் போய் உவங்கள் என்ன செய்யிறாங்கள் எண்டு பாத்துக்கொண்டு வா" என்றார் அண்ணை. போனேன், உளவாளியாக. வாசலில் ஐடி கேட்டார்கள். பென்சன் எடுக்கிற எனக்குப் பத்தொன்பது வயது நிரம்பிவிட்டதா என்று பார்த்தார்கள். என் இளமையை இந்த நாட்டில் சந்தேகப்பட்டவர்கள் அவர்கள் மட்டும்தான்.

உள்ளே என்ன கண்டேன்? புகை கண்டேனா? இல்லை. போதை கண்டேனா? இல்லை. ஒரு மேசைக்குப் பின்னால் மூன்று பேரைக் கண்டேன். மூவரின் நகங்களிலும் மண்ணைக் கண்டேன். கழுத்துவரை பச்சை குத்திய ஜூலியஸ், அவர் மனைவி ஜூலி, பக்கத்தில் நம்முடைய துர்க்கா. என்னைக் கண்டதும் துர்க்காவின் முகம் வாடிவிட்டது.

"எங்கட ஆக்கள் என்னைக் கண்டால் அப்பிடியே திரும்பிப் போயிடுவினம், அங்கிள். நீங்களும் போறதெண்டால் போங்கோ" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

நான் போகவில்லை. ஏனென்றால் இன்னொரு வேலையும் என் கையில் இருந்தது. புறப்படும்போது குசினிக்குள் கூப்பிட்டு, "உதையும் உவையளுக்கு ஒருக்காக் காட்டிப் பார். அவருக்குச் சொல்லாதை" என்று என் போனில் ஒரு படத்தைப் போட்டுவிட்டார் யோகராணி அக்கா. என்ன படம்? அண்ணையின் கறிவேப்பிலை. கழகத்தின் முதற்பரிசு பெற்ற அதே கறிவேப்பிலை. குளிருக்கு வீட்டுக்குள் வந்ததும் இலை சுருண்டது, இலை பழுத்தது, இலை கொட்டியது. அண்ணை புளித்த மோர் ஊற்றினார். பிறகும் மோர் ஊற்றினார். வீடெல்லாம் மோர் மணந்தது, மரம் மட்டும் மொட்டையாகிக்கொண்டே போனது.

படத்தை நீட்டினேன். வியாபாரம் நின்றது. ஜூலியஸ் மூக்குக்கண்ணாடியை மாட்டினார். ஜூலி படத்தைப் பெரிதாக்கினார். துர்க்கா, "இலைக்குக் கீழ வலை மாதிரி ஏதும் இருக்கோ, அங்கிள்?" என்று கேட்டார். வரிசையில் நின்ற வாடிக்கையாளர்களும் எட்டிப் பார்த்தார்கள். கஞ்சா வாங்க வந்த கூட்டம் கறிவேப்பிலைக்காகக் கவலைப்பட்ட காட்சியை வேறெந்த ஊரில் காண்பீர்கள்?

நோய் என்ன? கண்ணுக்கே தெரியாத சிலந்திப்பேன். மருந்து அடிக்கவா என்றேன். "கறிக்குப் போடுற இலையெல்லோ, மருந்து வேண்டாம். பேனைத் தின்னுற பூச்சி இருக்கு. நாங்கள் எங்கட செடியளுக்கும் அதைத்தான் விடுறம்" என்றார் துர்க்கா. மறுநாள் கொட்டுகிற பனியில், 401 நெடுஞ்சாலையில் ஊர்ந்து ஊர்ந்து, ஒரு சின்னப் பையில் அந்தப் பூச்சிகளைக் கொண்டுவந்து தந்தார். அண்ணை இல்லாத நேரம் பார்த்து அக்கா அதைக் கிளையில் கொழுவினார். மரம் துளிர்த்தது, தளிர்த்தது, தழைத்தது.

"எனக்கு உது தெரியாதே" என்கிறார் அண்ணை. தெரியாதுதான் அண்ணை. தெரிந்திருந்தால், மோர்தான் காப்பாற்றியது என்று வட்ஸ்அப்பில் அத்தனை பேருக்கும் எழுதியிருப்பீர்களா? எத்தனை வீடுகள் மணந்தன, கொஞ்சமாவது யோசித்தீர்களா?

சபையோரே, சற்று முன் கத்தரிக்காய்க் குழம்பை மறுபடியும் கேட்டு வாங்கினீர்களே, அதில் கமகமத்த கறிவேப்பிலை எந்த மரத்தினது? அந்த மரத்தினதுதான். முன்வரிசை அன்ரி, வயிற்றைப் பிடிக்காதீர்கள். பூச்சிகள் எப்போதோ போய்விட்டன.

நான் கஞ்சாவைப் புகழ வந்தேனா? இல்லை. உங்களைப் புகைக்கச் சொன்னேனா? இல்லவே இல்லை. எனக்கு இஞ்சித் தேத்தண்ணியே போதும். துர்க்கா கேட்பது என்ன? பதவியா? பொன்னாடையா? தன் வீட்டில் காய்த்த புடலங்காயை நமது கண்காட்சி மேசையில் வைக்க ஓர் இடம் கேட்கிறார். "என்ன வேலை பிள்ளை?" என்று ஒரு தமிழ் மண்டபத்தில் யாராவது கேட்டால், பொய் சொல்லாமல் பதில் சொல்லவேண்டும் என்கிறார். பூக்கன்று வளர்க்கிறேன் என்று சொல்லிச் சொல்லி அவருக்கு அலுத்துவிட்டதாம். அதைக் கேட்டபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அவரை நினைத்து அல்ல, நம்மை நினைத்து.

நமது செடி வாடியபோது அவர் பனியில் வந்தார். அவர் முகம் வாடி நிற்கும்போது நாம் மணியடித்துக்கொண்டு இருக்கலாமா? அதோ, கதவடியில் நிற்கிறார். கதிரை கொடுத்தோம், இருக்கவில்லை. குளிர்க்கோட்டையும் கழற்றவில்லை. வேண்டாம் என்று நாம் சொன்னால் உடனே போய்விடலாம் என்று அப்படியே நிற்கிறார்.

மணி அடிக்கிறது. சரி அண்ணை, முடிக்கிறேன். சேர்ப்போம் என்பவர்கள் கையை உயர்த்துங்கள். முதற்கை யோகராணி அக்காவுடையது. இன்றிரவு வீட்டில் என்ன நடக்குமோ, நானறியேன். தாய்மார் வரிசை முழுவதும் உயர்கிறது. கேள்வி கேட்ட ஐயாவும் உயர்த்திவிட்டார். அண்ணை? அண்ணையின் கை மணியை விட்டுவிட்டது. மெல்ல மேலே வருகிறது. ஏதோ சொல்லவும் விரும்புகிறார், ஒலிவாங்கியை நீட்டுகிறேன்.

"மோரும் கொஞ்சம் உதவினதுதான்."

ஓம் அண்ணை, உதவினது. கூட்டக் குறிப்பிலும் எழுதிவிடுகிறேன்.

கை உயர்த்திய நெஞ்சங்களுக்கும், குழம்பு வைத்த கைகளுக்கும், கடைசிவரை என்னைச் சகித்த காதுகளுக்கும் நன்றி கூறி, வணங்கி விடைபெறுகிறேன். துர்க்கா, கோட்டைக் கழற்றிப்போட்டு உள்ளுக்கு வாங்கோ, பிள்ளை. குழம்பு இன்னும் இருக்கு.