பிக்கிள் உள்ளே வரட்டும்

மார்லிஸ்: ...மூச்சு விடாதே வெர்ன். இப்பச் சத்தம் கேக்குதா?

வெர்ன்: இப்ப... ம்ம். போயிருச்சு.

மார்லிஸ்: போயிருச்சா, குறைஞ்சிருக்கா?

வெர்ன்: போயே போச்சு. லேப்டாப்புக்கு அடியில துண்டை மடிச்சு வைன்னு நான்தான் சொன்னேனே...

மார்லிஸ்: போன வாரமும் இதே துண்டுதான், இதே பேச்சுதான். ஸ்டுடியோவுல ரோலண்ட் என்ன சொன்னான்? "ஒவ்வொரு வரிக்கும் பின்னாடி கீ...ன்னு ஒரு கொசு"ன்னு திருப்பி அனுப்பினான்.

வெர்ன்: அவன் காதுல கொசு பூந்திருக்கும்.

மார்லிஸ்: ரெண்டு தடவை திருப்பிட்டான். இன்னிக்குச் சாயங்காலம் சுத்தமா அனுப்பலேன்னா புஸ்தகம் வேற ஆளுக்குப் போயிரும். அறுபது வயசுல, படிச்சுப் பதிவு பண்ணித் தர எனக்குக் கிடைச்ச முதல் புஸ்தகம் வெர்ன். விடமாட்டேன்.

வெர்ன்: யாரு விடச் சொன்னா? ஆனா எந்தச் சத்தமும் வரக்கூடாதுன்னு ஹீட்டரை அமத்திட்டு, கோட்டு தொங்கற அலமாரிக்குள்ள ரெண்டு பேரும்... என் மூக்கு இருக்கான்னு தொட்டுப் பாரேன்.

மார்லிஸ்: இருக்கு. ஃபிரிட்ஜ் ஒயரையும் பிடுங்கினியா?

வெர்ன்: பிடுங்கி, கார் சாவியை உள்ள வச்சாச்சு. ஃபிரிட்ஜை மறந்துட்டு எங்கயும் கிளம்ப முடியாது. போன தடவை மான்கறி மொத்தமும் நாறினது போதும்.

மார்லிஸ்: அப்ப லேப்டாப் ஒண்ணுதான் பாக்கி. நிஜமாவே கேக்கலையா?

வெர்ன்: சத்தியமா.

மார்லிஸ்: அப்புறம் ஏன் பிக்கிள் உள்ள வராம அலமாரி வாசல்லயே நிக்குது?

வெர்ன்: நாய்தானே... அது இஷ்டம்.

மார்லிஸ்: ஒரு நாளும் என் காலை விட்டு நகராத நாய். இந்த லேப்டாப்பைத் திறந்தா மட்டும் காதை மடிச்சுட்டு ஓடுது. வெர்ன்... என்னைப் பாரு.

வெர்ன்: பார்க்கிறேன்.

மார்லிஸ்: உனக்கு அந்தச் சத்தம் கேட்டதா? ஒரு தடவையாவது?

வெர்ன்: ...இரும்புச் சுரங்கத்துல முப்பது வருஷம், மார்லிஸ். அதுல மிச்சம் இருந்த காதுல உன் குரல் விழுதே, அதுவே பெருசு.

மார்லிஸ்: அடப்பாவி! பின்ன எதுக்குத் தலையைத் தலையை ஆட்டினே?

வெர்ன்: நீ காதுல ஊசி குத்துதுன்னே. எனக்கு ஒண்ணும் கேக்கலேன்னா... செவிட்டுக் கிழவன்னு சொல்லுவே.

மார்லிஸ்: அதை எப்பவும்தான் சொல்றேன். சரி, கேலி அப்புறம். வேற வழி சொல்லு.

வெர்ன்: நெட்டுல ஒருத்தன் எழுதியிருந்தான். வேலை இல்லாதப்போ உள்ள இருக்கற சிப்பு கண்ணசருதாம். நொடிக்கு ஆயிரம் தடவை தூங்கி, ஆயிரம் தடவை முழிக்குது. அந்த உதறல்லதான் பக்கத்துக் கம்பிச் சுருள் கத்துதாம்.

மார்லிஸ்: இதை இப்பச் சொல்றியா?

வெர்ன்: துண்டுதான் சுலபமா இருந்துச்சு.

மார்லிஸ்: அந்தத் தூக்கத்தை நிறுத்து.

வெர்ன்: மெஷின் சூடாகும். பேட்டரி நிக்காது.

மார்லிஸ்: ஒயரைச் சொருகிக்கறேன். சூடானா ஆகட்டும், எனக்கும் கை விறைக்குது. நிறுத்து!

வெர்ன்: அணைச்சுட்டுத் திறக்கணும்... இந்தா, செட்டிங் மாத்தற நீலத் திரை வந்துருச்சு. கண்ணாடி எங்க?

மார்லிஸ்: உன் நெத்தியில.

வெர்ன்: ஆங். "சிப்பு ஓய்வு"... எடுத்துட்டேன். சேமிச்சாச்சு. திறக்குது... திறந்துருச்சு.

மார்லிஸ்: பேசாதே. பிக்கிளைப் பாரு.

வெர்ன்: ...காதைத் தூக்குது.

மார்லிஸ்: உஷ்...

வெர்ன்: வருது... மார்லிஸ், வருது! உன் கால்மேலயே படுத்துருச்சு!

மார்லிஸ்: கதவைச் சாத்து. மைக்கைக் கொடு. முதல் பக்கத்துலேர்ந்து படிக்கிறேன்.

வெர்ன்: ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் படி. எனக்குத்தான் காது போச்சு. உனக்குக் கேக்குமே... நீ எதுக்கு நாயைப் பார்த்தே?

மார்லிஸ்: எனக்குக் கேட்டிருந்தா, கொசுவோட ரெண்டு தடவை அனுப்பியிருப்பேனாடா? ரோலண்ட் கிட்ட மட்டும் சொல்லிடாதே.