‘அவள்’ வரும் இடத்தில் ‘நான்’

ரஞ்சனி: கண்டக்டர், எடுத்துடாதீங்க. ஒரு நிமிஷம்.

கண்டக்டர்: படியில நின்னுக்கிட்டு இன்னா தேடறீங்க டீச்சர்? ஏறுங்க, இல்ல வழிய விடுங்க.

ரஞ்சனி: ஒரு ஆள தேடறேன். மெட்ராஸ் போற பஸ் இதுதானே?

கண்டக்டர்: திண்டிவனம் வழியா மெட்ராஸ். டிரைவர் டீக்குப் போயிருக்காரு. அவரு வந்ததும் எடுத்துடுவேன். கோட்ட பாக்க வந்த கும்பல் வேற இறங்கி வருது, அப்புறம் சீட்டு கேக்கக் கூடாது.

ரஞ்சனி: உள்ள இல்லியே... ம், அதோ. தமிழினி அம்மா... கரும்பு ஜூஸ் வண்டிக்குப் பின்னாடி எதுக்கு ஒளியறீங்க?

மகாலட்சுமி: ஒளியல மிஸ். வெயிலு... நீங்க இன்னா இங்க? இந்நேரம் ஸ்கூல்ல இருக்கணுமே.

ரஞ்சனி: பெர்மிஷன் போட்டுட்டு ஓடி வரேன். உங்க பொண்ணு பேர்ல வாட்சப்புல வந்த ஹோம்வொர்க்க படிச்சேன். ‘வியாழக்கிழமை மத்தியானம் செஞ்சி பஸ் ஸ்டாண்டு. மெட்ராஸ் பஸ். யார்கிட்டயும் சொல்லல.’ நீங்களும் அதப் படிச்சிட்டுத்தான் தேடி வந்தீங்களா?

மகாலட்சுமி: ஆமா மிஸ். அதப் படிச்சிட்டுத்தான்... தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்.

ரஞ்சனி: ஜூஸ் குடிச்சிக்கிட்டே.

மகாலட்சுமி: தொண்ட காஞ்சிடுச்சி மிஸ். டென்ஷன்.

ரஞ்சனி: அந்தப் பை?

மகாலட்சுமி: காய் வாங்கலாம்னு.

ரஞ்சனி: ஜிப் வெச்ச பையிலயா?

மகாலட்சுமி: கத்திரிக்கா விக்கிற வெலைக்கு பூட்டே போடலாம். மிஸ், நீங்க பயப்படற மாதிரி ஒண்ணுமே இல்ல. அது டைரி எழுதற பயிற்சி. நீங்க குடுத்ததுதானே?

ரஞ்சனி: நான்தான் குடுத்தேன். பேப்பர்ல வந்த ஒரு சேதி. ஒரு பொண்ணு வீட்ட விட்டுக் கெளம்பி ரயில் ஏறுறா. அத ஒரு வரிசை பசங்க கடிதமா மாத்தணும், ஒரு வரிசை டயலாக்கா, தமிழினி வரிசை டைரியா. ‘ஷீ’ வர்ற எடத்துல ‘ஐ’ போடணும். அவ்ளோதான் வேல.

மகாலட்சுமி: அதத்தான் அவளும் செஞ்சிருக்கா. பாடத்த மாத்தி எழுதுனதுக்கு இவ்ளோ தூரம் ஓடி வருவாங்களா?

ரஞ்சனி: சேதியில ரயில். டைரியில செஞ்சி பஸ் ஸ்டாண்டு.

மகாலட்சுமி: நம்ம ஊருக்கு ஏத்த மாதிரி மாத்தினா கூட மார்க்குன்னு நீங்கதானே மிஸ் சொன்னீங்க.

ரஞ்சனி: க்ளாஸ்ல சொன்னேன். உங்களுக்கு யாரு சொன்னா?

மகாலட்சுமி: ...அவதான். எல்லாத்தையும் எங்கிட்ட சொல்லிடுவா.

ரஞ்சனி: பஸ் ஏறப் போறத மட்டும் சொல்லல.

மகாலட்சுமி: மறந்துட்டிருப்பா.

ரஞ்சனி: தமிழினி அம்மா.

மகாலட்சுமி: மிஸ்... ஒண்ணு கேக்கறேன். அவ நெஜமாவே க்ளாஸ்ல இல்லியா? நீங்க பாத்தீங்களா? ஏன்னா... அவளால எங்கயும் போக முடியாது.

ரஞ்சனி: ஏன் முடியாது?

மகாலட்சுமி: அவ இருக்காளா இல்லியா, அத முதல்ல சொல்லுங்க.

ரஞ்சனி: இருக்கா. கிரவுண்டுல கபடி ஆடிக்கிட்டிருக்கா. முட்டியில சின்னதா சிராய்ப்பு.

மகாலட்சுமி: ...அப்ப தேடி வந்தேன்னு சொன்னது?

ரஞ்சனி: நீங்களும்தான் சொன்னீங்க. அந்த டைரிய நீங்கதானே எழுதுனீங்க?

மகாலட்சுமி: எப்படித் தெரிஞ்சுது?

ரஞ்சனி: சேதியில ஒரு வரி வருது. ‘அம்மா அவளோட மத்தியான சாப்பாட்ட எடுத்து வெச்சிருந்தாங்க.’ டைரியில அது ‘அம்மா என்னோட சாப்பாட்ட எடுத்து வெச்சிருக்காங்க’ன்னு வரணும். வந்தது இன்னா தெரியுமா? ‘ஐ ஹேவ் கெப்ட் ஹெர் லன்ச்.’ அவ சாப்பாட்ட நான் எடுத்து வெச்சிட்டேன்.

மகாலட்சுமி: ...‘ஹெர்’ வந்துடுச்சா.

ரஞ்சனி: ‘ஹெர்’ர மாத்தாம விட்டுட்டான்னு ஒரு மார்க் கொறச்சேன். அடுத்த பேப்பருக்குப் போயிட்டேன். அப்புறம்தான் உறைச்சுது. அந்த வரியில தப்பே இல்ல. எழுதுன ஆள்தான் வேற.

மகாலட்சுமி: சின்னப் பொண்ணு, ஒரு எழுத்து தவற விடமாட்டாளா மிஸ்?

ரஞ்சனி: விடுவா. அவ ‘டைரி’ய ‘டெய்ரி’ன்னு எழுதி, கடைசி வரைக்கும் பால் வியாபாரம் பண்றவ. இதுல ஒரு ஸ்பெல்லிங் தப்பு கூட இல்ல.

மகாலட்சுமி: பிராக்டிஸ் முடிஞ்சி வந்து அப்படியே தூங்கிட்டா. சரி, நாமளே முடிச்சிடலாம்னு ஒக்காந்தேன். எப்பவும் செய்யறதுதான். ‘ஷீ’ எல்லாத்தையும் ‘ஐ’ ஆக்குனேன்... ஆக்க ஆக்க கை தானா ஓடிடுச்சி. இங்கிலீஷ்ல எழுதுனா எங்க வீட்ல எவன் படிக்கப் போறான்னு ஒரு தைரியம்.

ரஞ்சனி: அனுப்பறதுக்கு முன்னாடி பொண்ணு படிப்பாளேன்னு தோணலியா?

மகாலட்சுமி: அவளா? பேர போட்டு அனுப்பறதோட சரி.

கண்டக்டர்: டீச்சர், டிரைவர் வந்துட்டாரு. உங்க ஆளு கெடச்சாச்சா?

ரஞ்சனி: கெடச்சாச்சு. ரெண்டு நிமிஷம் குடுங்க.

கண்டக்டர்: இது இன்னா டவுன் பஸ்ஸா...

ரஞ்சனி: மெட்ராஸ்ல இன்னா?

மகாலட்சுமி: வேல. கைடு போடற கம்பெனி. ஒரு பாடத்த குடுப்பாங்க. அதயே கடிதமா, நோட்டீஸா, டயலாக்கா, டைரியா, பசங்களுக்குப் புரியற மாதிரி மாத்தி மாத்தி எழுதணும். பொண்ணுக்கு எழுதிக் குடுத்தத நாலு எடுத்து அனுப்புனேன். வரச் சொன்னாங்க.

ரஞ்சனி: அப்ப நான் இத்தன நாளா மார்க் போட்டதெல்லாம் உங்களுக்கா?

மகாலட்சுமி: கோச்சிக்காதீங்க மிஸ். கணக்கெல்லாம் அவளேதான் போடுவா.

ரஞ்சனி: போயி?

மகாலட்சுமி: கொஞ்ச நாள் அங்க ஆஸ்டல்ல தங்கி வேல பழகணும். அப்புறம் வீட்லருந்தே எழுதலாம். நாளைக்கு காலையில போயி நிக்கலன்னா வேற ஆள எடுத்துக்குவாங்க.

ரஞ்சனி: இத வீட்ல சொல்லிட்டு வர்றதுக்கு இன்னா?

மகாலட்சுமி: அவரு திட்டறவரா இருந்தா சொல்லியிருப்பேன். சிரிப்பாரு மிஸ். டிகிரி சர்டிபிகேட்ட பிரேம் போடலாம்னு ஒருவாட்டி கேட்டேன். ‘எதுக்கு, மல்லாட்ட மூட்டைக்கு மேல மாட்டவா?’ன்னு சிரிச்சாரு. அவ்ளோதான். அன்னிக்கு ராத்திரி என் கையாலயே பெட்டியில போட்டு மூடிட்டேன். அதான், ஆஸ்டல் போயி சேந்துட்டு போன்ல சொல்லிக்கலாம்னு... போன வெச்சிட்டா சிரிக்கறது கேக்காது.

ரஞ்சனி: இப்ப எங்க இருக்காரு?

மகாலட்சுமி: மார்க்கெட் கமிட்டியில. வேர்க்கடல மூட்டைய எடை போட்டு ஏலம் முடிஞ்சி வீடு வர இருட்டிடும்.

கண்டக்டர்: மெட்ராஸ், மெட்ராஸ்... யக்கா, பைய குடுங்க, மேல வெக்கறேன்.

மகாலட்சுமி: வேணாம்ப்பா. நான் வரல.

ரஞ்சனி: இன்னா சொல்றீங்க?

மகாலட்சுமி: நீங்க வந்ததும் நல்லதாப் போச்சு மிஸ். இன்னிக்கு சாப்பாடு எடுத்து வெச்சிட்டேன். நாளைக்கு? அவ வந்து கதவத் தெறந்து பாத்துட்டு, நான் இல்லன்னா... நான் வீட்டுக்கே போறேன், சிங்கவரம் பஸ்ஸ பாக்கறேன். எங்கூரு அம்மன் அனுப்புன மாதிரி வந்து நின்னீங்க.

ரஞ்சனி: அம்மன் அனுப்பல.

மகாலட்சுமி: பின்ன?

கண்டக்டர்: ஏறுங்கக்கா, இல்ல நகருங்க. பஸ் எடுக்கணும்.

ரஞ்சனி: விசில் அடிச்சிடாதீங்க, ஏறுவாங்க. தமிழினி அம்மா, காலையில அவள தனியா கூப்பிட்டுக் கேட்டேன். அழுவான்னு நெனச்சேன். அழல. அந்தக் கம்பெனிக்காரன் மொதல்ல போன் பண்ணப்ப எடுத்ததே அவதானாம்.

மகாலட்சுமி: ...அவளுக்குத் தெரியுமா?

ரஞ்சனி: டைரிய முழுசா படிச்சிட்டுத்தான் அனுப்பியிருக்கா. ‘ஓடுங்க மிஸ்’னா. ‘எங்கம்மா தானா பஸ் ஏறிட்டா நீங்க ஒண்ணும் பேசாதீங்க. வீட்டுக்குத் திரும்பப் பாத்தா மட்டும் சொல்லுங்க... நேத்தே எங்க நைனாகிட்ட நான் சொல்லிட்டேன், அவரு சிரிக்கல’ன்னா.