கழுகுக்குக் கீழே ஓர் எண்

துப்பாக்கி துடைக்கப் பழைய பருத்திச் சட்டையைவிட நல்ல துணி கிடையாது, ஐயா. ஹால்வாரும் செத்துப்போன தன் மாமாவின் துப்பாக்கியை அப்படி ஒரு சட்டையில்தான் சுற்றிக் கொண்டுவந்தான்.

ஜெர்மன்காரர்கள் தோற்றுப்போய் நார்வேயில் விட்டுச்சென்ற போர்த்துப்பாக்கி. மாமா அதன் கட்டையை இழைத்து வேட்டைக்கு மாற்றியிருந்தார். இரும்பின் மேல் அவர்களுடைய கழுகு முத்திரை மட்டும் அப்படியே இருந்தது. எங்கள் பள்ளத்தாக்கில் அதைத் தோளில் சுமக்க யாருக்கும் மனம் வராது. அரத்தால் ராவி எடுக்க என்னிடம் வருவார்கள். ஹால்வாரின் அப்பா ஜெர்மன்காரர்களின் முகாமில் செத்தவர். "இந்தப் பறவைய மொதல்ல எடுத்துடுங்க அண்ணே. பாத்தாலே வயிறு எரியுது" என்றான்.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கழுகின் காலடியில் பொடியாக 7.62 என்று ஓர் எண். போருக்குப் பின் நம் படையினர் குழாயை மாற்றி, அதன் அளவைக் குறித்து அடித்த முத்திரை அது. ஜெர்மன் தோட்டா அந்தக் குழாய்க்குப் பருமன். உள்ளே போகும், வெளியே வராது; சுட்டால் துப்பாக்கியே வெடிக்கும்.

மாமாவின் பெட்டியில் இரண்டு டப்பா ஜெர்மன் தோட்டாவும் கிடைத்ததாம். "அது இதுக்குச் சேரும்ல?" என்று கேட்டான்.

"துப்பாக்கியும் ஜெர்மன்காரனோடது, தோட்டாவும் அவனோடது. வேற என்ன வேணும்" என்றேன்.

ஏன் என்று கேட்கிறீர்கள். பத்தொன்பது வருடமாக மேட்டுச் சதுப்பில் நான் வேட்டைக்கு நின்ற இடத்தைப் போன பருவத்தில் வேட்டைக்குழு அவனுக்குக் கொடுத்தது. எனக்குக் கண் மங்கிவிட்டதாம். விருந்தில் ஹால்வார், "நம்ம ஓட்வார் அண்ணன காபிக் கெட்டில் பக்கத்துல நிறுத்துங்கப்பா. அது ஓடாது" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி சிக்னேயும் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது. வலித்தது, ஐயா.

கழுகை ராவினேன். கீழே இருந்த 7.62 என்ற எண்ணையும் சேர்த்து ராவினேன். பாதியில் விட்டால் வேலை அசிங்கமாகத் தெரியும்.

அதன் பிறகு, குறி சுடும் நாளுக்கு மூன்று வாரம் இருந்தது. தினமும் அவன் வீட்டைத் தாண்டித்தான் பட்டறைக்குப் போனேன். தினமும் சொல்லிவிட நினைத்தேன். வாய் வரவில்லை. சொன்னால், எண்ணை ஏன் எடுத்தாய் என்று கேட்பான். நான் என்னதான் செய்ய முடியும்?

வேட்டைக்கு முன் எல்லோரும் குறி சுட்டுத் தேற வேண்டும். இந்த ஆண்டு மேற்பார்வை என் முறை. ஹால்வார் இரண்டாவது பாயில் படுத்துத் தோட்டாவை உள்ளே தள்ளினான். கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறதே என்றான். அப்போதும் எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த பாயில் சிக்னேயின் தம்பி குன்னார் படுத்திருந்தான், இரண்டு குழந்தைக்குத் தகப்பன். உன் வண்டிக் கதவு திறந்து கிடக்கிறது, போய்ச் சாத்திவிட்டு வா என்று அவனை எழுப்பி அனுப்பினேன். அவன் போகும்வரை காத்திருந்தேன். பிறகு ஐந்தடி பின்னால் போய் நின்று, சுடலாம் என்று கொடியை இறக்கினேன்.

ஹால்வார் உயிரோடு ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. ஆனால் குன்னார் மேல் ஒரு கீறல் கூட இல்லை. ஓர் உயிரையாவது நான் காப்பாற்றினேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.